அடுக்களை வாசலில் அகப்பை

எனக்குச் சமைக்கத் தெரியும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எந்த நாளில் சமைக்கிறேன் என்பதும் தெரியும். அதுதான் சங்கடம்.

பேட்டைக்குத் தனிக்குடித்தனம் வந்த நாளிலிருந்து மாதத்தில் மூன்று நாள் அடுக்களை என் கையில். எங்கள் வழக்கப்படி விலக்கான பெண் அடுக்களைக்குள் வரக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. கூட்டுக்குடும்பமாக இருந்தவரை வேறு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். இங்கே என்னை விட்டால் ஆள் ஏது? பகலில் லேத் பட்டறையில் இரும்பு கடைகிற கை, அந்த மூன்று நாளும் காலையில் தேங்காய் துருவும்.

என் மனைவி விஷயத்தை வாயால் சொன்னதே இல்லை. விடிந்து எழுந்து பார்த்தால் சிரட்டை அகப்பை அடுக்களை வாசலுக்கு வெளியே, நிலைப்படியை ஒட்டிக் கிடக்கும். அவ்வளவுதான் சேதி. நான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். மூன்று நாள் முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அகப்பையைக் கழுவி, ஆணியில் மாட்டுவாள். ஆட்சி மாறிவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் இது பற்றி நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம், அதிலும் இடம் மிஞ்சும்.

என் சாம்பாரில் பெருங்காயம் எப்போதும் ஒரு படி தூக்கலாக இருக்கும். பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்றே மோப்பம் பிடித்து, “என்ன அண்ணாச்சி, இன்னைக்கு உங்க கையா?” என்பாள். நானும் பட்டம் வாங்கியவன் மாதிரி தலையாட்டிவிட்டுப் போவேன்.

தொண்ணூறுகளின் பாதியில், அவளுக்கு நாற்பத்தேழு வயது நடந்தபோது, அகப்பை ஒழுங்கு தவறியது. ஒரு தடவை பதினைந்தே நாளில் வெளியே வந்தது. அடுத்த தடவை இரண்டரை மாதம் ஆணியை விட்டு அசையவே இல்லை. அந்தச் சமயம் பார்த்து, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் முழுகாமல் இருந்தாள். நான் கணக்குப் போட்டேன். தாயும் மகளும் ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். நடுவில் நான், கைக்கு ஒரு பிள்ளையாக. ஒரு பிள்ளை என்னை அப்பா என்கிறது, மற்றது தாத்தா என்கிறது. அந்த ஒரு வாரம் பட்டறையில் நான் கடைந்த ஒன்றுகூட அளவுக்கு வரவில்லை.

கடைசியில் சாப்பிடும்போது, மாங்காய் தின்னணும் போல இருக்கிறதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். விளங்கியதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“இது நின்னுபோற வயசுங்க. நீங்க பட்டறைக்குப் போங்க.”

அதன் பிறகு சூடு வந்தது. மார்கழிக் காலையிலும் சட்டென்று முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்த்து, மின்விசிறிக்கு அடியில் போய் நிற்பாள். நான் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு காப்பி குடிப்பேன். அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். வகுப்பில் வேர்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டால் விசிறிவிடுமாம். ஒரு கல்யாணத்தில், பட்டுச்சேலையோடு முகூர்த்த நேரத்தில் எழுந்து, கை கழுவுகிற குழாயடிக்குப் போய்த் தலையை நீட்டிவிட்டாள். முட்டு வலி, படபடப்பு, காரணமில்லாத கோபம். வெங்காயம் நறுக்காத நாளிலும் கண்ணீர்.

நெஞ்சு படபடக்கிறது என்று அவள் சொன்ன அன்றைக்கே எனக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவளைப் பார்த்துவிட்டு, மாதவிடாய் நிற்கிற காலத்தில் இதெல்லாம் வரும், போகும், பயப்பட வேண்டாம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை என் கையிலும் சுற்றினார். கூட்டிப்போனது அவளை, மாத்திரை எனக்கு. இன்றுவரை காலையில் ஒன்று போடுகிறேன்.

பையப் பைய எல்லாம் அடங்கியது. அகப்பை ஒரு வருஷத்துக்கு மேலாக ஆணியிலேயே தொங்கியது. வேலை போன சமையல்காரன் மாதிரி எனக்குத்தான் கொஞ்சம் குறை. அவளோ புது ஆளாகிவிட்டாள். காரணம், திருச்செந்தூர்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூரில் தங்கி விரதம் இருக்க வேண்டும். ஆறு நாள் சேர்ந்தாற்போல் ஒருபோதும் அமையவில்லை. சில வருஷம் நாள் இடிக்கும் என்று கிளம்பவே மாட்டாள். ஒரு வருஷம் துணிந்து போனவள் மூன்றாம் நாள் கோயில் வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள். பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை. இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. ஆடி மாதமே தங்க இடம் சொல்லிவைத்தாள். விரதத்துக்குக் கட்ட இரண்டு பச்சைச் சேலை எடுத்தாள். “இந்த வருசம் யாரு தடுக்கான்னு பாப்போம்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் என் பனியனைத் தேடிக் கொல்லைக் கொடிக்குப் போனேன். போர்வையைத் தூக்கினால், அதற்கு அடியில் அவளுடைய உள்பாவாடை இரண்டு, வெயில் படாமல் ஒளிந்து காய்ந்துகொண்டிருந்தன. சரி, இடமில்லாமல் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்த வாரமே என் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனபோது கடைக்காரர், “பஞ்சு இன்னொரு பாக்கெட் தரவா? மதினி போன வாரம் வாங்கிட்டுப் போனாவ” என்றார்.

வீட்டுக்கு வந்து அகப்பையைப் பார்த்தேன். ஆணியில் தொங்கியது.

வாய் திறந்து கேட்டிருக்கலாம். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேலி பேசுகிற வாய்தான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எங்களுக்கு அகப்பையை விட்டால் பாஷை கிடையாது. ஆகவே மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்து, அகப்பையை எடுத்து நானே நிலைப்படிக்கு வெளியே வைத்துவிட்டு, பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வந்தாள். குனிந்து பார்த்தாள். எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு உலை வைத்தாள். மறுநாளும் வைத்தேன். மறுநாளும் எடுத்து மாட்டினாள். மூன்றாம் நாள் அகப்பையோடு நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

“நாலு மாசமா அப்பப்ப படுது. கொஞ்சமாத்தான். யாருட்டயும் சொல்லாதீய. சஷ்டி முடியட்டும், நானே இத வெளிய வைக்கேன்.”

நான் சரி என்று தலையாட்டினேன். இதற்கப்புறம் நான் செய்ததை எழுதும்போது காது சுடுகிறது.

முதலில் எனக்குச் சந்தோஷம். மனைவிக்கு வயசு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். இதில் என் பங்கு என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் இரண்டு நாள் மொபெட்டில் விசிலடித்துக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் பயம் பிடித்தது. எதைப் பற்றி? அவள் உடம்பைப் பற்றி இல்லை. விலக்கை மறைத்து விளக்கேற்றுகிறாள், இனி கோயிலுக்குள்ளும் போகப்போகிறாள், முருகன் சும்மா இருப்பாரா என்று. பட்டறையில் அன்று லேத்தின் வெட்டுக்கத்தி இரண்டு தடவை ஒடிந்தது. முதல் நோட்டீஸ் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். பட்டறை முதலாளி அண்ணாச்சி நான் கடைந்ததை உருட்டிப் பார்த்துவிட்டு, “என்னவே இது, கோழிமுட்டையா?” என்று கேட்டார்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்யாணம், திருவிழா என்றால் நாளைத் தள்ளிப்போட மாத்திரை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். சஷ்டி முடிகிறவரை தள்ளிப்போட்டுவிட்டால் சாமிக்கும் குற்றமில்லை, அவளுக்கும் ஆசை நிறைவேறும். அவளுக்குத் தெரியாமல் பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன்.

அந்தக் கூடத்தில் தனியாக வந்த ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான். சுற்றிலும் நிறைமாதக்காரிகள். நர்ஸ் வந்து, பேஷண்ட் எங்கே என்றாள். வீட்டில் என்றேன். அப்போ யாருக்கு டோக்கன் என்றாள். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு வலி எடுத்துவிடுமோ என்று அதற்கும் பயந்தேன்.

டாக்டர் அம்மாவிடம் மாத்திரை வேண்டும் என்றேன். வயது கேட்டார். நாற்பத்தொன்பது என்றேன். எப்போது நின்றது என்று கேட்டார்.

“ஒண்ணரை வருசத்துக்கு மேல ஆச்சும்மா. இப்ப நாலு மாசமா மறுபடி வருது. வயசு திரும்புது போல.”

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஒரு வருஷம் முழுசாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிடாய் இல்லை என்றார். பெரும்பாலும் பயமில்லாத காரணமாகத்தான் இருக்கும், உள்தோல் மெலிந்திருக்கலாம், சின்னச் சதை வளர்ந்திருக்கலாம். ஆனால் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றாலும் முதலில் இப்படித்தான் காட்டும். சோதித்துப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். மயக்கம் கொடுத்து, உள்ளே கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இத்தனையும் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில்,

“நாலு மாசமா என்ன செஞ்சிட்டிருந்தீங்க?” என்றார்.

அகப்பையை வெளியே வைத்து உள்ளே வைத்து விளையாடிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தில் வரும்போது கீழே தாமிரபரணியில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பேட்டையில் இறங்கி வீட்டை நோக்கிப் பாதி தூரம் நடந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, பாளையங்கோட்டைக்கு நான் போனது மொபெட்டில்.

அவள் கட்டிலில் பச்சைச் சேலைகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது, தீபாவளிக்கு மறுநாளே சஷ்டி ஆரம்பம். எல்லாவற்றையும் சொன்னேன். புற்றுநோய் என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டு, ‘வேறெதுவாவது இருக்கலாம்’ என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. டீச்சர்.

நாலு மாதம் பொறுத்தது இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுக்காதா என்று கேட்டாள். இப்போது போய்ச் சோதனை செய்தால் சஷ்டிவரை ரத்தம் படும், பிறகு எங்கே விரதம், எங்கே கோயில்? நான் வழக்கம்போல் வேடிக்கையில் இறங்கினேன். முருகனுக்கு லீவு லெட்டர் எழுதித் தருகிறேன், தலைமையாசிரியர் கையெழுத்தோடு என்றேன்.

“வெளையாடாதீய,” என்றாள். “பதிமூணு வயசுலேருந்து எங்க போகணும்னாலும் இந்த ஒடம்புட்ட கேட்டுட்டுத்தான் போயிருக்கேன். கோயிலுக்குப் போவட்டா, கல்யாண வீட்டுக்குப் போவட்டா, அடுக்களைக்குள்ள வரட்டான்னு. இந்த ஒரு தடவ கேக்காமப் போலாம்னு இருந்தேன். அதான் மறைச்சேன்.”

அதற்கு ஒரு வேடிக்கை தேடினேன். அகப்படவில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

“ஏளா, எனக்குப் பயமா இருக்கு.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொல்கிறேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவளும் அப்படித்தான் என்னைப் பார்த்தாள். பிறகு சேலையின் மடிப்பைக் கையால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“எத்தன மணிக்கு வரச் சொன்னாவ? மொபெட்லயே போயிருவோமா?”

“மொபெட் அங்கனதான் நிக்கி.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. என்னை அவளுக்குத் தெரியும்.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு அதற்கு மறுநாளே நாள் குறித்துவிட்டார். உள்ளே கொண்டுபோகும் முன் அவளுடைய தாலிச் சங்கிலியையும் வளையலையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார்கள். சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு நடைகூடத்தில் நடந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆளைப் பார்த்துப் போகிற வருகிற நர்ஸுகள் எல்லாம் உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் கண் விழித்தாள். முதல் வார்த்தையாக, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தோமா என்று கேட்டாள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று பட்டறைக் குப்பைத்தொட்டியைக் கேட்டால் சொல்லும். தீபாவளி வந்தது, போனது. சஷ்டி ஆரம்பித்தது. வழக்கப்படி அவள் பின்கட்டு அறையில் பாய் விரித்துப் படுத்தாள், நான் அகப்பையை எடுத்தேன். சத்தாகச் சாப்பிட வேண்டும், விரதம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தட்டைத் தள்ளினாள். அவளுக்குப் பதிலாக நான் விரதம் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சாப்பிட வைத்தேன். முதல் நாள் பதினோரு மணிக்கு உளுந்தவடை தின்றேன். இரண்டாம் நாள் அதுவரைகூடத் தாங்கவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாமல், கொடியில் காயாத துணியை எடுத்து மடிப்பேன், மடித்ததைக் கொண்டுபோய்த் திரும்பக் கொடியில் போடுவேன். ஒருநாள் வாசலில் தபால்காரர் மணி அடித்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். முடிவு தபாலில் வராது என்று எனக்கே தெரியும்.

ஆறாம் நாள் காலையில் எனக்கு ஒன்று தோன்றியது. சூரசம்ஹாரம் நடப்பது கோயிலுக்குள் இல்லை, வெளியே கடற்கரையில். கடற்கரையில் நிற்க யாரைக் கேட்க வேண்டும்? அவளிடம் சொன்னேன். 

“மணல் வரைக்கும் வாரேன். அதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன்” என்றாள்.

பச்சைச் சேலை கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஒரு புண்ணியவதி அவளுக்கு இடம் கொடுத்தாள். கூட்டத்துக்கு வெகு தள்ளி, மீன்பிடி வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்திருந்த பக்கமாக நின்றோம். சூரனும் தெரியவில்லை, வேலும் தெரியவில்லை. தலைகளுக்கு மேலே ஒரு குடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டம் அரோகரா என்று எழுப்பிய சத்தம் அலை மாதிரி வந்து எங்கள் மேல் விழுந்த அதே நேரம் அவளுக்கு உடம்பில் சூடு ஏறியது. முகம் சிவந்து வேர்த்தது. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிக் கணுக்கால் அளவில் நின்றாள். கோபுரத்தைப் பார்த்தபடி, “அடுத்த வருசம் உள்ள வாரேன்” என்றாள்.

அவள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு கையிலும் செருப்போடு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. நான் கவரை வாங்கக் கை நீட்டினேன். எனக்கு முன்னால் அவளே வாங்கிக்கொண்டாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள் மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டிப் படித்துவிட்டு டாக்டரிடம் கொடுத்தாள். சின்னச் சதை வளர்ச்சி, எடுத்தாகிவிட்டது, புற்று இல்லை என்றார் டாக்டர். ஆனால் இனி ஒரு சொட்டுப் பட்டாலும் அன்றைக்கே வர வேண்டும். சூடு இன்னும் சில வருஷம் வந்துபோகும், பையக் குறையும். எலும்பு தேயாமல் இருக்கப் பால், கேப்பை, எள் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள், தினமும் நடங்கள் என்றார். எனக்கு விக்கல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார்.

திரும்பி வரும் வழியில் மொபெட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சட்டம் போட்டேன். இனி அகப்பை வெளியே கிடந்தால் நான் அடுக்களைக்குள் போக மாட்டேன், நேரே பாளையங்கோட்டைதான். அவளும் பின்னாலிருந்து சரி என்றாள்.

கார்த்திகையில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. பல் தேய்த்துவிட்டு வருகிறேன், நிலைப்படிக்கு வெளியே அகப்பை.

அடுத்துச் செய்தது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகமில்லை. வேட்டிக்கு மேலேயே பேன்ட்டை மாட்டியிருக்கிறேன். தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன். உள்ளே வந்து பார்த்தால் அவள் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து என் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப பட்டுது?”

“ஒண்ணும் படல.”

“பின்ன அகப்பை?”

“முட்டு வலிக்கி. சமைக்கவும் சோம்பலா இருக்கு.”

“அதுக்கா வெளிய வச்ச?”

பேப்பரை மடித்தாள்.

“ஏன், ரத்தம் பட்டாத்தான் எனக்கு லீவா?”

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். போய் அவரை அனுப்பிவிட்டு வந்து, வேட்டி மேல் பேன்ட்டோடு அகப்பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். ஓடிவந்த பதற்றத்தில் பெருங்காயம் வழக்கத்தைவிடக் கூடிப்போனது. சாம்பார் கொதித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பக்கத்து வீட்டம்மாவின் குரல் வந்துவிட்டது.

“என்ன அண்ணாச்சி, உங்க கையா? வீட்டுல மறுபடியுமா?”

என் மனைவி பேப்பரோடு எழுந்து வாசலுக்குப் போனாள்.

“அவுக கைதான்க்கா. நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.